ஜப்பானில் பிறந்து பாரதத்துக்கு ஆடியவர்

வெயில் காலத்தில் பழவேற்காட்டு ஏரியின் தண்ணீர் சற்றுப் பின்வாங்கும்போது, கரையோரத்தில் விசாலமான சேற்றுத் தரை வெளியே வருகிறது. நாலு நாள் வெயிலில் அது காய்ந்து இறுகிவிட்டால் போதும். குப்பத்துப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல கால்பந்து மைதானம் வேண்டியதில்லை. இரண்டு துடுப்புகளை நட்டால் ஒரு பக்கத்துக் கோல். இரண்டு மூங்கில் கழிகளை நட்டால் மறு பக்கத்துக் கோல். பந்து தண்ணீரில் விழுந்தால் யார் கால் கடைசியாகப் பட்டதோ அவனே முழங்கால் ஆழத்தில் இறங்கி எடுத்துவர வேண்டும். இந்தச் சட்டத்துக்கு அங்கே அப்பீல் கிடையாது.

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தோம். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கும் அந்த ஊருக்கு நாம் போன காரணம் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளைப் பார்ப்பதற்குத்தான். ஆனால் கல்லறைகளில் கழித்த நேரத்தைவிடக் கரையில் கழித்த நேரமே அதிகமாகிவிட்டது. காரணம் ஒரு மீன்.

படகு ஒன்றின் நிழலில் உட்கார்ந்து வலையை உதறிக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர், அதில் சிக்கியிருந்த பேத்தை மீனை எடுத்து அலட்சியமாக மணலில் எறிந்தார். கோபம் வந்தால் வயிற்றை உப்பிக்கொண்டு பந்துபோல் ஆகிவிடும் விஷ மீன் அது. அதைக் கண்டதும் பிள்ளைகளில் ஒருவன் ஓடிவந்து, "கோல்!" என்று கூவிக்கொண்டே அதை ஒரு காலால் தண்ணீருக்குத் தள்ளிவிட்டான். மீனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது போலும். ஒரு நொடியில் மறைந்துவிட்டது.

"எதுக்கும் ஒதவாத மீனு, ஐயா. காக்காகூடத் தொடாது" என்றார் பெரியவர்.

"ஜப்பான் தேசத்தில் ஓர் ஊர் இருக்கிறது, பெரியவரே. அங்கே இதன் இனத்து மீனைத் தங்கம்போல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். தனியாகப் பரீட்சை கொடுத்து அனுமதி பெற்றவர்தான் அதை அறுக்கலாம்" என்றோம்.

பெரியவர் நம்மை ஒரு பார்வை பார்த்தார். 'இந்தப் பட்டணத்து மனிதர் சொல்லுவதை எவ்வளவு தூரம் நம்பலாம்?' என்று கேட்ட பார்வை அது. நாமோ அந்த ஊரின் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், அந்த ஊரிலே பிறந்த ஒரு மனிதரின் கதையையும் சொல்ல ஆரம்பித்துவிட்டோம். அந்தக் கதையே இக்கட்டுரை.

பழவேற்காடும் ஜப்பானும்

பழவேற்காட்டிலிருந்து ஜப்பானுக்குத் தாவுகிறோமே என்று நேயர்கள் திகைக்க வேண்டாம். இவ்விரண்டுக்கும் உள்ள சம்பந்தம் நாலு நூற்றாண்டுப் பழமை உடையது. டச்சுக்காரர்கள் 1609-ல் ஜப்பானில் ஹிராடோ துறைமுகத்தில் வியாபாரம் தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளுக்குள் பழவேற்காட்டில் இறங்கி, 1613-ல் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை ஸ்தலமாக வெகு காலம் இருந்தது பழவேற்காடுதான். 1690-ல்தான் அந்தக் கௌரவம் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. இக்கரையில் நெய்த துணி அவர்களுடைய கப்பல்களில் கிழக்கே சென்றது. நம் சாந்தோமின் பெயரால் 'சந்தோமே' என்று ஒரு வகைக் கோடு போட்ட துணியை ஜப்பானியர் இன்றும் அழைக்கிறார்கள். மலாய் தேசத்தில் கைலிக்கு வழங்கும் 'பெலிக்காட்' என்ற பெயர் பழவேற்காட்டின் பெயரேதான்.

துணி மட்டுமா போயிற்று? பஞ்சத்தில் அடிபட்ட நம் ஜனங்களையும் அடிமைகளாக அதே துறைமுகத்தில் கப்பலேற்றி பட்டேவியாவுக்கு அனுப்பினார்கள். அப்படிப் போனவர்களை எந்த தேசத்தின் பிரஜையாக வாழ விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை. நாம் சொல்லவந்த மனிதரோ, தாமாகவே விரும்பி ஒரு தேசத்தை விட்டு மற்றொரு தேசத்தின் பிரஜையானவர். அந்த தேசம் நம்முடையது.

நீலகண்டரின் ஜனனம்

பேத்தை மீனுக்குப் பேர்போன அந்த ஜப்பானிய ஊர் ஷிமொனோசெகி. ஜப்பானின் பெரிய தீவான ஹோன்ஷுவின் மேற்குக் கோடியில், குறுகிய ஜலசந்தி ஒன்றின் கரையில் இருக்கும் மீன்பிடித் துறைமுகம். அங்கே 1982-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி பிறந்தவர் அராட்டா இஸுமி. தாயார் ஜப்பானியப் பெண்மணி. தகப்பனாரோ குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட இந்தியர். ஆகவே பிள்ளைக்கு ஓர் இந்தியப் பெயரும் அமைந்தது: நீலகண்ட கம்போல்ஜா. விஷ மீனுக்குப் புகழ்பெற்ற ஊரில் பிறந்த குழந்தைக்கு விஷத்தைக் கண்டத்தில் நிறுத்திய பெருமானின் பெயர் பொருந்தியதை நாம் என்னவென்று சொல்லுவது!

அவர் பிறந்த காலத்தில் ஜப்பானில் கால்பந்து பிழைப்புக்குரிய தொழிலாக இருக்கவில்லை. கம்பெனிகளின் கோஷ்டிகளில் உத்தியோகஸ்தர்களாக இருந்துகொண்டே ஆடினார்கள். தொழிலாக ஆட ஆசைப்பட்டவன் கடல் கடக்க வேண்டியதுதான். யசுஹிக்கோ ஒக்குதேரா 1977-ல் ஜெர்மனியின் கொலோன் கோஷ்டியில் சேர்ந்து வழிகாட்டினார். கசுயோஷி மியுரா என்ற பையன் 1982-ல், அதாவது இஸுமி பிறந்த அதே வருஷத்தில், பதினைந்தே வயதில் தன்னந்தனியாகப் பிரேஸிலுக்குக் கப்பலேறாத குறையாகப் போய்ச் சேர்ந்தான். 1986-ல் புகழ்பெற்ற சான்டோஸ் கோஷ்டியில் ஒப்பந்தம் பெற்றான். 1994-ல் இத்தாலியில் ஜெனோவா கோஷ்டிக்குக் கோல் அடிக்கப் போனான். அப்படிப்பட்ட முன்னோடிகளின் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இஸுமியுடையது.

1993-ல் ஜப்பான் தன்னுடைய தொழில்முறை லீக்கை ஆரம்பித்தது. 1998 முதல் ஒவ்வோர் உலகக் கோப்பைப் போட்டியிலும் ஜப்பான் ஆடி வருகிறது. நம் நிலைமை என்ன? 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஜப்பானைத் தோற்கடித்த ஆஸ்திரேலியாவை நாம் 4-2 என்று தோற்கடித்தோம். அந்தப் போட்டியில் நான்காவது ஸ்தானம் பெற்றோம். 1962-ல் ஆசிய விளையாட்டில் தங்கப் பதக்கம் பெற்றோம். அப்புறம் படிப்படியாக இறங்கினோம். 2006-ம் வருஷம் ஆசியக் கோப்பைத் தகுதிப் பந்தயங்களில் ஜப்பான் தன் ஊரில் 6-0 என்றும், பெங்களூரில் 3-0 என்றும் நம்மை ஜெயித்தது.

அதே 2006-ல்தான் இஸுமி இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் வருவது இயற்கை. கால்பந்து வீரர் வருவது அபூர்வம்.

கோஷ்டிக்குக் கோஷ்டி

நேராக அவர் இங்கே வரவில்லை. சிங்கப்பூர் வழியாக வந்தார். ஜப்பானின் நீகாத்தா நகரத்து அல்பிரெக்ஸ் கோஷ்டி, சிங்கப்பூர் லீக்கில் ஆடுவதற்கென்றே 2004-ல் ஒரு கிளையை ஏற்படுத்தியது. சொந்த தேசத்தின் பெரிய கோஷ்டிகளில் இடம் கிடைக்காத வாலிபர்களுக்கு அது ஒரு சத்திரம் போன்றது. இஸுமி அந்தச் சத்திரத்தில் தங்கி, அங்கிருந்து கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கோஷ்டிக்கு வந்தார். முன்வரிசையிலும், அதற்குச் சற்றுப் பின்னாலிருந்து கோலுக்கு வழி திறக்கும் ஸ்தானத்திலும் அவர் ஆடுவார்.

ஈஸ்ட் பெங்காலுக்குப் பின் பம்பாயின் மஹிந்திரா யுனைடெட். அதற்குப் பின் 2009-ல் பூனா எப்.சி. வெளிநாட்டு ஆட்டக்காரர் என்றால் நம் ஊரில் ஒரு சாதாரண அபிப்பிராயம் உண்டு: ஒரு பருவம் ஆடுவார், சம்பளத்தை எண்ணிக்கொண்டு விமானம் ஏறிவிடுவார் என்று. இஸுமி அப்படிச் செய்யவில்லை. வருஷத்துக்கு வருஷம் இங்கேயே இருந்தார். பூனா கோஷ்டி 2012-13-ல் ஐ-லீகில் இரண்டாவது ஸ்தானத்துக்கு உயர்ந்தபோது அதில் அவரும் இருந்தார்.

அவர் ஆடிய கோஷ்டிகளின் கதியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மஹிந்திரா யுனைடெட் 2010-ல் கலைக்கப்பட்டது. பூனா எப்.சி.யும் பின்னால் மறைந்தது. பழைய முதலாளி கடையைச் சாத்திவிட்டால் புது முதலாளியைத் தேட வேண்டியதுதான் இந்தியக் கால்பந்துக்காரனின் வாழ்க்கை. பொதுவாக இப்படிப்பட்ட அனுபவம் ஒரு மனிதனை ஊருக்குத் திரும்பச் செய்யும். இவரையோ அது இந்தியப் பிரஜையாகச் செய்தது.

இரண்டு தோணியில் கால் வைக்கலாகாது

தகப்பன் இந்தியராயிற்றே, மகன் இந்தியாவுக்கு ஆடுவதில் என்ன தடை என்று நேயர்கள் கேட்கலாம். தடை சட்டத்தில் இருக்கிறது. நமது அரசியல் சட்டமும் 1955-ம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டமும் இரட்டைப் பிரஜா உரிமையை ஒப்புக்கொள்வதில்லை. வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சத்தினருக்கு 2005 முதல் சர்க்கார் ஒரு சீட்டுக் கொடுக்கிறார்கள். அதைக் கொண்டு இங்கே வந்து வசிக்கலாம், தொழில் செய்யலாம். வோட்டுப் போட முடியாது. 2008-ல் விளையாட்டு இலாகா மற்றொரு விஷயத்தையும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: இந்திய பாஸ்போர்ட் உள்ளவரே இந்தியாவின் பெயரால் எந்த விளையாட்டிலும் ஆடலாம்.

ஜப்பான் சட்டமும் இதில் சளைத்ததல்ல. ஒரு ஜப்பானியர் தம் இஷ்டப்படி வேறு தேசத்தின் பிரஜையானால் அந்தக் கணமே அவருடைய ஜப்பானியப் பிரஜா உரிமை போய்விடும். ஆக, இந்தியாவின் நீலச் சட்டையைப் போட வேண்டுமானால், பிறந்த மண்ணுக்கே இனி அந்நியராக வேண்டும். ஷிமொனோசெகியில் தாய்வீட்டுக்குப் போவதற்கும் வெளிநாட்டாராகவே போக வேண்டும்.

சட்டத்தை நாம் குறை சொல்லவில்லை. இரண்டு தோணியில் கால் வைத்தவன் கதையை ஏரிக்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். தேசம் என்பது லாபம் இருக்கும்வரை தங்கிப் போகும் விடுதி அல்ல என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நாமெல்லாம் பிறந்ததற்காகவே இந்தியர். ஒரு காசு கொடுக்கவில்லை, ஒரு விண்ணப்பம் எழுதவில்லை. இவர் உலகத்தின் மிக மதிப்புள்ள பாஸ்போர்ட்டுகளில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோஷ்டியில் இடம் நிச்சயமா என்பதுகூடத் தெரியாமல் இந்தியரானார். பிரஜா உரிமையைச் சர்க்கார் கொடுக்கலாம். பதினொருவரில் ஒருவராக நிறுத்துவதோ பயிற்சியாளரின் இஷ்டம்.

அப்போது இந்தியக் கோஷ்டிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் விம் கோவர்மன்ஸ் என்ற டச்சுக்காரர். பழவேற்காட்டில் கோட்டை கட்டியவர்களின் தேசத்தவர்! ஜப்பானில் பிறந்தவரை, டச்சுக்காரர் பொறுக்கி எடுத்து, பாரதத்துக்காக நிறுத்தினார். 2013 பிப்ரவரி 6-ந் தேதி கொச்சியில் பாலஸ்தீனத்துக்கு எதிரான பந்தயத்தில் அராட்டா இஸுமி முதன்முறையாக இந்திய வீரராகக் களம் இறங்கினார். வெளிநாட்டுப் பிரஜா உரிமையைத் துறந்து இந்தியாவுக்குக் கால்பந்து ஆடிய முதல் மனிதர் அவரே. பந்தயத்தில் இந்தியா 2-4 என்று தோற்றது. கதைகளில் வருவதுபோல் அவர் கடைசி நிமிஷத்தில் கோல் அடித்து தேசத்தைக் காப்பாற்றினார் என்று எழுத நமக்கும் ஆசைதான், நடந்தது அதுவல்ல.

முப்பது வயதுக்கு மேல்

அப்போது அவருக்கு வயது முப்பது. ஓட்டக்காரனின் கால்களுக்கு முப்பது என்றால் பிற்பகல் நேரம். இந்தியாவில் ஆடிய முதல் ஆறேழு வருஷங்கள், உடலில் வேகம் நிறைந்திருந்த வருஷங்கள், அந்நியராகவே கழிந்துவிட்டன. இந்தியாவுக்காக அவர் ஆடிய பந்தயங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் கோஷ்டிகள் அவரை மறக்கவில்லை. 2015-ல் இந்தியன் சூப்பர் லீகுக்காக இந்திய வீரர்களை ஏலத்தில் எடுத்தபோது, கல்கத்தாவின் அத்லெடிகோ கோஷ்டி அவரை எடுத்துக் கொண்டது. அந்த வருஷத்து அரை இறுதியில் அவருடைய கோஷ்டியின் எதிரி நமது சென்னையின் எப்.சி. அது டிசம்பர் மாதம். சென்னையும் சுற்றுப்புறமும் வெள்ளத்தில் மூழ்கியிருந்த சமயம். சென்னையில் நடக்கவேண்டிய பந்தயத்தைப் பூனாவுக்கு மாற்றினார்கள். அங்கே 3-0 என்று ஜெயித்த சென்னைக் கோஷ்டி, கல்கத்தாவில் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றும் இறுதிக்குப் போய்ப் பட்டத்தையும் வென்றது. சென்னைவாசிகள் சந்தோஷப்பட்ட அந்த இரவில் இஸுமி தோற்ற பக்கத்தில் இருந்தார்.

2017-18-ல் கேரளா பிளாஸ்டர்ஸ் கோஷ்டிக்கு ஆடியபோது வயது முப்பத்தைந்து. நீலச் சட்டையில் முதன்முதல் நின்ற அதே கொச்சி மைதானந்தான் அந்தக் கோஷ்டியின் சொந்த மைதானம். அதன் பின் காலணியைக் கழற்றினார், தேசத்தை விடவில்லை. ரிலையன்ஸ் பவுண்டேஷன் நடத்தும் யங் சாம்ப்ஸ் பயிற்சிச் சாலையில் இந்தியப் பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்றுக் கொடுக்கும் பயிற்சியாளரானார். அவர் கற்றுக் கொடுத்த பிள்ளைகள் அடிக்கும் கோல்களும் அவர் கணக்கில் சேர வேண்டியவையே.

அவர் திறந்த வழி அடைபட்டுவிடவும் இல்லை. 2025-ல், ஆஸ்திரேலியாவில் பிறந்து பெங்களூர் கோஷ்டிக்கு ஆடிவந்த ரையன் வில்லியம்ஸ் என்பவர் ஆஸ்திரேலியப் பிரஜா உரிமையைத் துறந்து இந்தியப் பிரஜையானார். அவருக்கும் வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

போனவர்களும் வந்தவர்களும்

நம்மவர்கள் வெளியே போன கதை வேறு மாதிரி. கல்கத்தாவின் முகம்மது சலீம் 1936-ல் ஸ்காட்லாந்துக்குச் சென்று, செல்டிக் கோஷ்டிக்காக வெறும் காலில் துணிக்கட்டுடன் ஆடிப் பார்த்தவர்களைப் பிரமிக்கச் செய்தார். அங்கேயே இருக்கும்படி அவர்கள் வேண்டினார்கள். அவரோ ஊர் நினைவு தாங்காமல் சில மாதங்களில் திரும்பிவிட்டார். சிங்கப்பூரில் பிறந்த நம் தமிழர் வி. சுந்தரமூர்த்தி 1980-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பாஸல் கோஷ்டிவரை போய் வந்தார். சுனில் சேத்ரி 2010-ல் அமெரிக்காவிலும் 2012-ல் போர்ச்சுகலிலும் சேர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். ஊர் நினைவு என்பது எவ்வளவு பலமான கயிறு என்பதற்கு இவர்களெல்லாம் சாட்சி. அதே கயிற்றை ஒரு மனிதர் தம் கையால் அறுத்துக்கொண்டு இங்கே வந்தார் என்றால், அது எவ்வளவு பெரிய காரியம்!

பெரியவர் கேட்ட கேள்வி

இவ்வளவையும் கேட்டுக்கொண்டே பெரியவர் வலையின் கிழிசல் ஒன்றைப் பின்னி முடித்துவிட்டார். பிறகு தலை நிமிர்ந்து, "அப்போ அவரு பாட்டை விட்டுட்டு வந்தவரு" என்றார்.

இதற்கு விளக்கம் தேவை. பழவேற்காட்டு ஏரியில் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீரோட்டம் உள்ள நல்ல இடங்களில், கழி நட்டு வலை கட்டி இறால் பிடிக்கும் உரிமைக்குப் 'பாடு' என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் முதலிய ஊர்களுக்குப் பரம்பரையாக வந்த உரிமை அது. ஊர்ப் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் சீட்டுப் போட்டு, முறை வைத்து இறங்குவார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே நிலைக்காது. கெட்ட இடமும் ஒருவன் தலையிலேயே விடியாது. பட்டியலில் பெயர் இல்லாதவன் எவ்வளவு கெட்டிக்காரனாயினும் அங்கே ஒரு கழி நட முடியாது. அந்தப் பெயருக்காக ஊருக்கும் ஊருக்கும் வழக்கும் சண்டையும் நடந்ததுண்டு. பெயர் என்பது அங்கே சோறு.

"ஆமாம், பெரியவரே. அங்கே இருந்த பாட்டை விட்டுவிட்டுத்தான் வந்தார்."

"இங்க பேரு சேத்தீங்களா?"

"சேர்த்தோம். சட்டப்படி சேர்த்தோம்."

"சேத்து எத்தினி மொறை எறக்குனீங்க?"

நாம் பதில் சொல்லத் தயங்கினோம். அவர் நம் தயக்கத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "பேரு சேக்கிறதுன்னா சும்மாவா, ஐயா? சேத்துட்டா மொறை குடுத்தாவணும். இல்லாட்டி அவன் வலையை எங்க கட்டுவான்?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வலையில் குனிந்தார்.

விளையாட்டு இலாகாவும், சங்கங்களும், ஏன், நாமும் யோசிக்க வேண்டிய வார்த்தை அது. நம்மை நம்பித் தம் பெயரை மற்றொரு பட்டியலிலிருந்து அடித்துவிட்டு வருகிறவர்களை முப்பது வயதுவரை வாசலில் நிறுத்திவைப்பது அழகல்ல. சட்டம் இருக்கட்டும்; அதன் நடை மட்டும் சற்று வேகமாகட்டும். அதைப்போலவே, பிறப்பினாலேயே பட்டியலில் பெயர் உள்ள நம் பிள்ளைகளுக்கும் முறை வர வேண்டாமா? பழவேற்காட்டுக் குப்பங்களின் பிள்ளைகளுக்கு ஏரி வற்றும்போதுதான் மைதானம். மழை வந்து ஏரி நிறைந்தால் அதுவும் போயிற்று.

நாம் புறப்படும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பேத்தையை உதைத்த பையன் நம்மிடம் ஓடிவந்து, "அண்ணே, அந்த ஜப்பான்காரரு பேரு என்ன?" என்று கேட்டான். நமக்குப் பின்னாலிருந்து பெரியவரின் குரல் முந்திக்கொண்டது:

"ஜப்பான்காரர் இல்லடா. நம்ம ஆளு. பேரு நீலகண்டன்."